வேலை செய்யாத மாத்திரை

பிழைக்க வடக்கே வந்த தமிழர்கள் நிறைந்த சந்தில், செண்பகவல்லியின் மெடிக்கலில் அன்று காலை கூட்டமாக இருந்தது. அப்துல் ரவூப் பக்கவாட்டில் போய் நின்றார். இடது கையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஊன்றிக்கொண்டார். வலது கை உடம்போடு ஒட்டியிருந்தது. அந்தத் தோளை அவரால் சில மாதங்களாகத் தூக்க முடியவில்லை.

“தங்கச்சி, நீ கொடுத்த வலி மாத்திரை கேக்கவே மாட்டேங்குது.”

“சீட்டுல எழுதுனபடிதான போடுதீய?”

“ஆமா. ராத்திரி பூரா முழிச்சிட்டே கெடக்கேன். வேற நல்லதாக் கொடு.”

“இதுவே பெரிய மாத்திரைதான் பாய். இதுக்கு மேல நானாக் கொடுக்கப்பிடாது.”

அவள் கையிலிருந்த இருமல் மருந்தை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“சுகர் பாத்தீயளா? சுகர் ஏறிக் கெடந்தா வலி மாத்திரை சரியா கேக்காது.”

தாழ்த்திய குரல்தான். ஆனாலும் பக்கத்தில் நின்ற பேச்சிராஜாவுக்குக் கேட்டுவிட்டது. எதிரே டீக்கடை வைத்திருக்கிறவர் அவர். அந்தச் சந்தில் யாருடைய செய்தியும் அவர் கடை வழியாகத்தான் போகும்.

“யாருக்கு, பாய்க்கா சுகரு? எங்கடைல மூணு கரண்டி சீனி போட்டுக் குடிக்காரு. இவருக்கு சுகர்னா எங்கடை பாய்லருக்கும் சுகர்தான்.”

நின்றவர்கள் சிரித்தார்கள். ரவூப் சிரிக்கவில்லை.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊரின் இன்னொரு கோடியான தேவ்நாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அவர் மகள் சாயிமாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ஒவ்வொன்றாகக் கேட்டாள். குடும்பத்தில் யாருக்காவது சுகர் கிகர் உண்டா என்றும் கேட்டாள். ரவூபின் மனைவி நுஸ்ரத் தயங்கவே இல்லை. “அல்லாஹ் மேல ஆணையா, எங்க வீட்ல அந்தப் பேச்சே கெடையாது” என்றாள். ரவூப் தட்டிலிருந்து இன்னொரு ஜிலேபியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான்கு வருடத்துக்கு முன் பள்ளிக்கூட மைதானத்தில் இலவச முகாம் ஒன்று நடந்தது. விரலில் குத்திப் பார்த்தவன் மிஷினைப் பார்த்தான். ரவூபைப் பார்த்தான். மறுபடி மிஷினைப் பார்த்தான். உடனே டாக்டரிடம் போகச் சொன்னான். ரவூப் விரலைச் சப்பிக்கொண்டே வெளியே வந்தார். வீட்டில் சொல்லவில்லை. அதன் பிறகு யாரிடமும் விரலை நீட்டவும் இல்லை.

இப்போது எல்லாரும் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் மாத்திரை அட்டை இருந்தது. திருப்பினார். எழுத்துகளின் ஓரம் பிசிறடித்துத் தெரிந்தது.

“இது என்ன பிரின்ட்டு?” என்றார்.

“என்ன பாய்?”

“எழுத்தப் பாரு. மை ஒழுகிக் கெடக்கு. டூப்ளிகேட் மால்.”

“பாய், கம்பெனி ஏஜென்ட்கிட்ட பில்லோட எடுக்குற சரக்கு—”

“எங்கிட்டயே சொல்லுதியா? இருபது வருசமா அச்சுப் பாத்த கண்ணு இது. டூப்ளிகேட்ட வித்துட்டு, கேக்க வந்தவனுக்கு சுகர்னு கதை கட்டுதியா?”

அதையே இந்தியில் இன்னும் சத்தமாகச் சொன்னார். தமிழ் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ரவூபின் பட்டறையில் என்ன தைக்கிறார்கள் என்று அந்தச் சந்து முழுவதற்கும் தெரியும். வெளிநாட்டுக் கம்பெனிப் பைகளின் நகல். தோல், ஜிப், உள்துணி, பெயர்த் தகடு எல்லாம். செண்பகவல்லி அவரையே பார்த்தாள். அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முன்னால் நின்ற பெண் இருமல் மருந்தைக் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போனாள்.

டீக்கடையில் உட்கார்ந்து ரவூப் சந்துக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு ஒன்றைப் போட்டார். ஆரம்பிக்கும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. பேசப் பேச அவருக்கே நம்பிக்கை வந்தது. முடிக்கும்போது மாத்திரை டூப்ளிகேட்தான்.

*

அந்த வாரக் கடைசியில், பட்டறையில் மிஷின் தைக்கும் ஷகீல் செய்தி கொண்டுவந்தான்.

“பாய், உங்க மெசேஜு அந்தப் பக்கம் கும்பார்வாடா வரைக்கும் ஓடுது. அந்தம்மா ஈ ஓட்டுதாங்க. பூலோகம் அண்ணாச்சி பிரஷர் மாத்திரையத் திருப்பிக் கொண்டுபோய் அவங்க முன்னால வீசிட்டாரு. மருந்து ஆபீசர் வேற வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போயிருக்கான்.”

“ம்.”

“நல்ல காரியம் பண்ணுனீங்க. உங்களுக்கில்ல தெரியும், எது நகல்னு.”

ரவூப் தோலின் மேல் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு இரண்டாகத் தெரிந்தது. எதன் மேல் கத்தியை வைப்பது என்று தெரியாமல் கத்தியைக் கீழே வைத்தார்.

அவர் சட்டைப் பையில் வேறொரு அட்டை இருந்தது. டாக்ஸி பிடித்து மாட்டுங்கா வரை போய், ஏசி போட்ட பெரிய மெடிக்கலில் வாங்கியது. அதே பெயர். அதே அட்டை. அங்கே அவர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அதுவும் கேட்கவில்லை.

செண்பகவல்லி கொடுத்தது டூப்ளிகேட் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போட ஆரம்பித்தார். அன்று காலையில் விழுங்கியது மத்தியானம் வரை வயிற்றில் அப்படியே கிடப்பதுபோல் இருந்தது. மத்தியானம் மறுபடி போட்டார். சாயங்காலம் எத்தனை போட்டார் என்று அவருக்கு நினைவில்லை. வலி இருந்த இடத்திலேயே இருந்தது. மற்றதெல்லாம் நகர்ந்தது. மிஷின் நகர்ந்தது. சுவர் நகர்ந்தது. பெயர்த் தகடுகள் வைத்திருந்த டப்பாவை இழுத்து அதில் வாந்தி எடுத்தார்.

ஷகீல் நுஸ்ரத்துக்குப் போன் செய்தான்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாதனா விரலில் குத்தினாள். சின்ன வயது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அவர்கள் பேச்சைக் கேட்டதும் இந்தியை விட்டுத் தமிழுக்கு வந்தாள். மிஷின் நானூற்றுக்கு மேல் காட்டியது.

“எத்தனை வருஷமா ஷுகர்?”

“அதெல்லாம் இவங்களுக்கு இல்ல டாக்டர்” என்றாள் நுஸ்ரத். “உங்க மிஷினு கெட்டுப் போயிருக்கும். வேற மிஷின்ல பாருங்க.”

டாக்டர் ரவூபைப் பார்த்தாள்.

“நாலு வருசம்” என்றார் அவர்.

கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை நுஸ்ரத் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவருக்குத் தலை தெளிந்தது. டாக்டர் வந்து பக்கத்தில் நின்றாள். கையில் அவருடைய சட்டைப் பையிலிருந்து எடுத்த அட்டை. பாதிக்கு மேல் காலி.

“இவ்வளவும் ஒரே நாள்லயா அங்கிள்?”

“வலி நிக்கல.”

“நிக்காது. மாத்திரை மேல தப்பில்லை. உங்க உடம்பு அதை வழக்கம்போல எடுத்துக்கலை. ஷுகர் இவ்வளவு ஏறி வருஷக்கணக்கா இருந்தா வயிறு மெதுவாத்தான் காலியாகும். போட்ட மாத்திரை அங்கேயே உக்காந்துண்டிருக்கும். லிவர் அதை உடைக்கற விதமும் மாறிடலாம். ரத்தத்துல போய்ச் சேர்ந்தாலும் நரம்பு அதுக்குச் சரியா அடங்கறதில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகும்னு இல்லை. உங்களுக்கு ஆயிருக்கு.”

“அதான் கூடப் போட்டேன்.”

“அதுதான் ஆபத்து. கிட்னியும் அடி வாங்கியிருக்கு. வெளியே தள்ள வேண்டியதை அது தள்ளலை. வலியைக் குறைக்காத மாத்திரை எல்லாம் உள்ளயே சேர்ந்துடுத்து. இன்னும் ரெண்டு போட்டிருந்தேள்னா மூச்சே நின்னிருக்கும்.” அவள் அட்டையை மேஜைமேல் வைத்தாள். “இந்தத் தோள் இறுகறதுகூட ஷுகர் இருக்கறவாளுக்கு நிறைய வரும். முதல்ல பார்த்த டாக்டர் ஷுகர் இருக்கான்னு கேக்கலையா?”

“கேட்டாரு.”

“என்ன சொன்னேள்?”

“இல்லேன்னு.”

அவள் திட்டவில்லை. கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

“எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியறதா? ஓரம் கலைஞ்ச மாதிரி?”

ரவூப் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

*

வீட்டுக்கு வரும் வழியில் டாக்ஸியில் நுஸ்ரத் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டாள்.

“அன்னைக்கு மெடிக்கல்ல செண்பகவல்லி உங்ககிட்ட என்ன கேட்டா?”

“சுகர் பாத்தீயளான்னு கேட்டா.”

“அதுக்குத்தான் சத்தம் போட்டீயளா?”

அவர் தலையாட்டினார்.

“அது டூப்ளிகேட்னு நெசமாவே நெனச்சீயளா?”

“பேசி முடிச்சப்புறம் நெனச்சேன்.”

டாக்ஸிக்காரன் கண்ணாடியில் பார்த்தான். தமிழ் தெரியாதவன்தான். ரவூப் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் மாப்ள உம்மாகிட்ட அல்லாஹ் மேல ஆணையிட்டுச் சொன்னேன்” என்றாள் நுஸ்ரத். “நீங்க பக்கத்துல உக்காந்து ஜிலேபி தின்னீய.”

வீட்டுக்கு வந்ததும் அவர் போனை எடுத்தார். குரூப்பில் குரல் பதிவு ஒன்றைப் போட்டார். செண்பகவல்லி கடையில் வாங்கிய மாத்திரை நல்ல மாத்திரைதான், நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று. அவ்வளவுதான். சின்னப் பதிவு.

பதில்கள் வர ஆரம்பித்தன. சாயிமா போனை வாங்கிக் கேட்டாள். ஒவ்வொன்றையும் சத்தமாகவே வைத்தாள்.

முதல் குரல் பேச்சிராஜாவுடையது. “எவ்வளவு கொடுத்தா பாய்? பங்குல எனக்கு ஒரு டீக்காசாவது கெடைக்குமா?” அடுத்தது யாரோ. “பைக்காரரும் மாத்திரைக்காரியும் ஒரே கம்பெனி ஆயிட்டாங்கப்பா. இனிமே பையோட மாத்திரை ஃப்ரீ.” சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. பிறகு ஒரு பெண் குரல், சிரிக்காமல்: “நல்ல மாத்திரைன்னா உங்களுக்கு ஏம் வலி நிக்கல? அதச் சொல்லுங்க.”

சாயிமா போனைத் தரையில் வைத்தாள்.

“அந்தப் பொம்பளைக்கு இப்ப இன்னும் கேவலமாப் போச்சு” என்றாள் நுஸ்ரத். “காசு கொடுத்து உங்க வாய அடைச்சான்னு ஆயிருச்சு.”

“தேவ்நார்ல தெரிஞ்சா…” என்று ரவூப் ஆரம்பித்தார். மகளைப் பார்த்தார்.

“அவள எதுக்கு முன்னால நிறுத்துதீய?” என்றாள் நுஸ்ரத். “தேவ்நாருக்கு நானே போன் பண்ணிக்கிடுதேன். நீங்க மெடிக்கலுக்குப் போய் நேர்ல சொல்லுங்க.”

சாயிமா இந்தியில் சொன்னாள், போங்க வாப்பா என்று. அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

செருப்பை மாட்ட அவருக்கு நேரமானது. உள்ளே நுஸ்ரத் மாப்பிள்ளையின் தாயிடம் போனில் பேசுவது கேட்டது. “ஆமா லாத்தா… இருக்கு… இல்ல லாத்தா, நான் தெரியாமத்தான் சொன்னேன்… ஆணையா, தெரியாமத்தான்…” அந்தப் பக்கம் நம்பவில்லை போலிருந்தது. அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

*

கடைக்குப் போகும் வழியெல்லாம் அவர் கூட்டத்தை நினைத்துக்கொண்டு போனார். கூட்டத்தின் முன்னால் எப்படி ஆரம்பிப்பது என்று.

கடையில் ஒருவரும் இல்லை. சாயங்காலம் எப்போதும் இடித்துக்கொண்டு நிற்கும் இடம். செண்பகவல்லி துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன வேணும்?”

பாய் என்று சொல்லவில்லை. அவர் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். அவள் படித்தாள்.

“யாருக்கு?”

யார் வந்தாலும் அவள் கேட்கிற கேள்விதான். அவள் ஒருத்தியிடம் மட்டும் பதில் சொல்லிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பினார். எதிரே பேச்சிராஜா பால் ஆற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

“பேச்சிராஜா, கொஞ்சம் இங்க வாரும்.”

“டீ கொண்டாரவா பாய்?”

“டீ வேண்டாம். நீரு வாரும்.”

பேச்சிராஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சண்டை என்று நினைத்துப் பெஞ்சில் இருந்தவர்களும் கிளாஸோடு வந்தார்கள்.

“யாருக்குன்னு கேட்டேன்” என்றாள் செண்பகவல்லி.

“எனக்குத்தான். சுகர் மாத்திரை.” அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “நாலு வருசமா எனக்கு சுகர் இருக்கு. வீட்லகூடச் சொல்லல. வலி மாத்திரை கேக்காமப் போனது அதனாலதான். மாட்டுங்கால வாங்குனதும் கேக்கல. இவ கொடுத்தது நல்ல மாத்திரை. எனக்குக் காசும் கொடுக்கல, ஒண்ணும் கொடுக்கல. அன்னைக்கு சுகர் பாத்தீயளான்னு கேட்டா. எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னு நான் இவ மேல பழியப் போட்டேன்.”

பேச்சிராஜா ஏதாவது வேடிக்கை சொல்வார் என்று ரவூப் காத்திருந்தார். பேச்சிராஜா “அப்ப அந்த மூணு கரண்டி சீனி?” என்று மட்டும் கேட்டார்.

“இனிமேப் போடாதீரும்.”

யாரும் சிரிக்கவில்லை.

செண்பகவல்லி உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். அவர் கையில் கொடுக்காமல் கண்ணாடி மேல் வைத்து நகர்த்தினாள்.

“பாருங்க.”

“என்ன தங்கச்சி?”

“பிரின்ட்டு. மை ஒழுகியிருக்கான்னு பாருங்க. அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாலதான பாத்தீய? இப்பவும் எல்லாரும் நிக்காங்கல்லா.”

அவர் எடுத்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். எட்ட வைத்துப் பார்த்தார். எழுத்துகளின் ஓரம் பிசிறடித்துத்தான் தெரிந்தது. அன்று தெரிந்ததுபோலவே.

“எப்படி இருக்கு?”

“ஒழுகித்தான் தெரியுது.”

பெஞ்சுக்காரர்களில் ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். செண்பகவல்லி அட்டையை வாங்கிப் பேச்சிராஜாவிடம் கொடுத்தாள்.

“நீங்க படிங்க அண்ணாச்சி.”

பேச்சிராஜா ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். பெயர், கம்பெனி, பொடி எழுத்தில் இருந்த தேதி. ஒன்றிலும் தடுக்கவில்லை.

“நல்லாத்தான இருக்கு பாய். கண்ணாடி மாதிரி இருக்கு.”

“எங்கண்ணுதான்” என்றார் ரவூப். “அன்னைக்கும் இந்தக் கண்ணுதான்.”

அவள் அட்டையைச் சின்ன உறையில் போட்டாள். மற்றவர்களுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

“காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டுட்டுப் போடணும். வலி மாத்திரைய டாக்டரக் கேக்காமத் தொடப்பிடாது.”

“சரி.”

அவர் போகாமல் நின்றார். மன்னிக்கச் சொல்லிக் கேட்க நினைத்தார். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“பிரஷர் மாத்திரையத் திருப்பிக் கொடுத்தவங்க இருக்காங்க. பாதிப் பேரு வேற எங்கயும் வாங்கவும் இல்ல. மாத்திரையே டூப்ளிகேட்னு விட்டுட்டாங்க. நான் போய்ச் சொன்னா கதவத் திறக்க மாட்டேங்காங்க.” அவள் கண்ணாடியின் கீழிருந்து ஒரு பையை எடுத்து மேலே வைத்தாள். திரும்பி வந்த அட்டைகள் அதில் நிறைந்திருந்தன. “யார் யார்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“பூலோகம் தெரியும்.”

“அவர்ட்ட இருந்து கொடுக்க ஆரம்பிங்க. மத்தவங்க பேர அவரே சொல்லுவாரு.”

ரவூப் பையை இடது கையால் எடுத்துக்கொண்டார். சந்தில் எல்லாரும் அவரவர் வாசலில் நின்றார்கள். செய்தி அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. வழியில் யாரும் ஸலாம் சொல்லவில்லை. அவரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பூலோகத்தின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார். வெகுநேரம் கழித்துக் கிழவர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தார். முகம் சிவந்து உப்பியிருந்தது. சந்தில் அவருக்கு மட்டும் செய்தி வந்து சேரவில்லை. பையைப் பார்த்தார். ரவூபைப் பார்த்தார்.

“அந்தக் கடை மாத்திரையா? அது டூப்ளிகேட்னு நீருதானவே சொன்னீரு?”

“ஆமா அண்ணாச்சி” என்றார் ரவூப். “நாந்தான்.”